தெரிந்தே பூட்டிய கேம்ஷாஃப்ட்

பழைய வண்டியின் என்ஜினுக்கு வலு ஏற்ற வேண்டும் என்று யார் வந்து கேட்டாலும் நான் முதலில் பிரேக்கைப் பற்றித்தான் பேசுவேன். என் பட்டறைக்கு வந்துபோகிறவர்கள் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். ஓட வைப்பது இரண்டாவது வேலை, நிற்க வைப்பதுதான் முதல் வேலை என்று நான் சொல்லிச் சொல்லி அவர்களுக்குக் காது புளித்துப்போயிருக்கும். வேகம் வேண்டும் என்று வந்த ஒருவர், என் பேச்சைக் கேட்டுப் பிரேக் லைனிங்கை மட்டும் மாற்றிக்கொண்டு, வேகத்தை மறந்து திரும்பிப் போயிருக்கிறார். அந்த அளவுக்கு உயிரை வாங்குவேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் எதிர்க்கடைக்காரர் உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார். பட்டறைக்கு எதிரே ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். என் மகளை அடக்கம் செய்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் மேல என்னப்பா தப்பு. தெரியாம நடந்துபோச்சு. எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்குமா" என்றார். ஆறுதல் சொல்கிறாராம். அதையே உங்களிடமும் வந்து சொல்லியிருக்கிறார். நீங்களும் கவனக்குறைவு, அறியாமை என்று இரண்டு வார்த்தையில் எழுதி முடித்து, கையெழுத்துக்கு என்னை ஸ்டேஷனுக்கு அழைத்திருக்கிறீர்கள்.

அதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். என் மகள் உயிர் போன அந்த வண்டியில் எனக்குத் தெரியாமல் ஒரு நட்டுகூட இறுக்கப்படவில்லை. மலை இறக்கத்தில் அது ஏன் நிற்கவில்லை என்று உங்கள் ஆள் கண்டுபிடித்தது சரிதான், நல்ல வேலைக்காரர். ஆனால் எனக்கு அது தெரியாது என்று முடிவு கட்டியது அவராக இருந்தாலும் சரி, நீங்களாக இருந்தாலும் சரி, அதை ஒப்புக்கொள்ள முடியாது. குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

எனக்கு ஒரே தம்பி. தெருவில் அவனுக்குப் பேர் மிச்சம். வாயைத் திறந்தால் அந்த வார்த்தைதான். இந்தச் சந்து வழியாகப் போனால் நேரம் மிச்சம், அந்தக் கடையில் வாங்கினால் காசு மிச்சம், பேசாமல் இருந்தால் மூச்சு மிச்சம். கரைந்துபோன சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிக் குளிக்கிறவன். ஊரே அவனைக் கேலி செய்யும், அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். யாருக்கும் அவன் மேல் கோபம் வராது. எனக்கும் வெகுகாலம் வரவில்லை.

பழைய பிக்கப் ஒன்றை வைத்துக்கொண்டு மலைமேல் இருக்கும் ஊருக்குச் சாமான் ஏற்றிப்போவது அவன் பிழைப்பு. திரும்பி இறங்கும்போது கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் வண்டியை உருள விடுவான். பெட்ரோல் மிச்சமாம். நான் தலையில் அடித்துக்கொள்வேன். "கியர்ல இறங்குடா. என்ஜினே வண்டியைப் பிடிச்சுக்கும்" என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். "அப்புறம் பிரேக் எதுக்குண்ணே இருக்கு" என்று பல்லைக் காட்டுவான். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் ஓட்டுகிறவனின் குணத்தை வைத்துத்தான் வண்டியைப் பார்ப்போம். ஒருவன் கிளட்ச் மேல் காலை வைத்தே ஓட்டுவான், ஒருவன் பிரேக்கை மிதித்தபடியே முடுக்குவான். என் தம்பி இறக்கத்தில் நியூட்ரல் போடுவான். சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்பதைப் போல எனக்கு அது நிச்சயம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான். அவன் சாமான் ஏற்றும் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில், அதே பிக்கப்பில். ஊரில் பாதிப் பேர் வண்டிக்கு நான் வைத்தியம் பார்க்கிறேன், என் மகள் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டது இன்னொருவனிடம். எனக்கு நேரமில்லை என்று நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன், அது வேறு விஷயம். ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு அவன் எப்படி ஓட்டுவானோ அப்படியே ஓட்டினாள். அதைப் பார்க்கும்போதே எனக்கு வயிறு எரியும்.

பிறகு கல்யாணம். குடிநீர்க் குழாய் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பையன். அவனிடம் என்ன குறை கண்டீர்கள் என்று என் மனைவி என்னைப் பலமுறை கேட்டாள். யோசித்துப் பார்த்தால் குறை என்று ஒன்றும் இல்லை. நன்றாகப் படித்தவன், மரியாதையாகப் பேசுவான், பட்டறைக்கு வந்தால் எண்ணெய் படிந்த ஸ்டூல் என்று பார்க்காமல் உட்காருவான். என்னைக் கேட்காமல் முடிவானது, அதுதான் குறை. முடியாது என்று சொன்னேன். ஒரு வீட்டில் ஒருவர் முடியாது என்று சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு இருக்க வேண்டும்.

ஒரு காலையில் நான் ஒரு லாரியின் அடியில் படுத்திருந்தபோது, என் தம்பி அவளையும் அவளுடைய பெட்டியையும் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனான். வண்டி என் பட்டறை வாசல் வழியாகத்தான் போனது. அதன் சைலன்சர் சத்தம் எனக்குத் தெரியும். லாரிக்கு அடியில் படுத்தபடியே, மிச்சம் போகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அப்பன் நிற்க வேண்டிய இடத்தில் சித்தப்பன் நின்று சாட்சிக் கையெழுத்துப் போட்டான். என் மனைவி அதற்கு முதல் நாளே அவளுக்குத் துணிமணி எடுத்து வைத்திருந்தாள். காதும் காதும் வைத்தாற்போல் எல்லாம் நடந்தது. என் வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எதிர்க்கடைக்காரருக்குக்கூடத் தெரிந்திருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இப்போது புரிகிறதா, அந்தத் தெரியாது என்ற வார்த்தையில் எனக்கு என்ன தகராறு என்று? ஒருமுறை எதுவும் தெரியாதவனாக ஊர் முன்னால் நின்றாகிவிட்டது. இன்னொரு முறை நிற்க மாட்டேன்.

கோபமா என்று நேற்று கேட்டீர்கள். கோபம்தான். காலையில் பல் துலக்கும்போது கோபம், ஸ்பேனரைக் கையில் எடுக்கும்போது கோபம், மனைவி தட்டை வைக்கும் சத்தத்தில் கோபம். ஆனால் நான் கத்தவில்லை. ஒரு சாமானைத் தூக்கிப் போடவில்லை. தம்பியோடு பேச்சு வார்த்தையை நிறுத்தினேன், அவ்வளவுதான். மகள் கணவன் வேலை பார்த்த மலைமேல் ஊருக்குக் குடி போனாள். அங்கிருந்து என்னை அழைத்தாள், நான் போனை எடுக்கவில்லை. கொஞ்ச காலம் கழித்து அவள் அழைப்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்திவிட்டாளே என்று அதற்கும் கோபம் வந்தது.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் தம்பி பிக்கப்பைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினான். ஒன்றுமே நடக்காததுபோல என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, வண்டி மேல இழுக்கவே மாட்டேங்குது. லோடு ஏத்தினா ரெண்டாவது கியர்லயே அழுவுது. என்ஜினுக்கு ஏதாச்சும் பண்ணிக் குடு. உன் கையாலதான் பண்ணணும்."

நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவனே தொடர்ந்தான்.

"மாப்பிள்ளைக்கு இங்கயே மாத்தலாகியிருக்குண்ணே. உன் வீட்டுக்கு அடுத்த தெருவிலயே வீடு பாத்தாச்சு. சாமானெல்லாம் ஒரே நடையில கொண்டாந்துட்டா எவ்வளவு மிச்சம். உன் பொண்ணு உன்னைப் பாக்கணும்னு துடிக்குது. நீயும் எத்தனை நாளைக்குத்தான் மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு இருப்ப?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். என்னிடமிருந்து எடுத்துப்போன ஒன்றை எனக்கே பரிசாகக் கொடுக்கிறவனின் சிரிப்பு. நான் அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறான். என் மகள் எப்போது என் வீட்டைவிட்டுப் போவாள் என்பதையும் அவன்தான் முடிவு செய்வான், எப்போது திரும்பி வருவாள் என்பதையும் அவன்தான் முடிவு செய்வான். அந்த இடத்தில் வேறொருவனாக இருந்தால் கையில் இருந்ததை எடுத்து அடித்திருப்பான். நான் பானட்டைத் திறக்கச் சொன்னேன்.

நல்ல என்ஜின் அது. வயதானதே தவிர கெட்டுப்போகவில்லை. இப்படிப்பட்ட வண்டிக்கு எதை எந்த வரிசையில் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். முதலில் காற்று நன்றாக உள்ளே போக வேண்டும், அதனால் ஃபில்டரையும் கார்புரேட்டரையும் மாற்றினேன். எரிந்த புகை தடையில்லாமல் வெளியே போக வேண்டும், அதற்குப் பெரிய குழாய் வைத்துச் சைலன்சரை மாற்றினேன். சூடு அதிகமாகும் என்பதால் ரேடியேட்டரைப் பெரிதாக்கினேன். சிலிண்டர் ஹெட்டை இழைத்துக் கொடுத்தேன். எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. மனதில் எவ்வளவு இருந்தாலும் கை வேலையில் பொய் வராது எனக்கு.

பிறகு கேம்ஷாஃப்ட். என்ஜின் வாயைத் திறந்து மூடி மூச்சு விடுவது இந்தத் தண்டால்தான். அதன் வளைவு எப்படியோ அப்படித்தான் வண்டியின் சுபாவம். எதிர்க்கடையில் இரண்டு வகை இருந்தது. ஒன்று நிதானமானது, சுமை இழுப்பதற்கென்றே செய்தது. எந்த யோசனையும் இல்லாமல் அதைத்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று பந்தய வண்டிக்காரர்கள் விரும்பிக் கேட்பது. வேகத்தில் பறக்கும், ஆனால் முடுக்காமல் சும்மா நிற்கும்போது என்ஜின் நொண்டும். அப்படி நொண்டும்போது அது காற்றை உறிஞ்சும் இழுப்பு குறைந்துபோகும். அந்த இழுப்பை நாங்கள் வேக்கம் என்போம். நீங்கள் பிரேக்கை மிதிக்கும்போது உங்கள் காலோடு சேர்ந்து மிதிப்பது அந்த வேக்கம்தான். அது இல்லாவிட்டால் பெடல் கல்.

கியரில் இறங்கினால் பிரச்சினை இல்லை. சக்கரம் என்ஜினைச் சுற்றிக்கொண்டே இருக்கும், வேக்கம் இருக்கும், போதாததற்கு என்ஜினும் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் உருட்டுகிறவனுக்குத்தான் பிரச்சினை. முதல் இரண்டு மிதிக்குப் பிரேக் பிடிக்கும். அதற்குப் பிறகு சாமான் ஏற்றிய வண்டியையும் மலையையும் வெறும் காலால் நிறுத்த வேண்டும்.

நான் இரண்டாவதை எடுத்தேன். கடைக்காரர் நெற்றியைச் சுருக்கினார்.

"லோடு வண்டிக்கு இது எதுக்குப்பா?"

"தம்பிக்கு வேகம் வேணுமாம்" என்றேன்.

அவர் மனதில் அன்றே தோன்றியிருக்க வேண்டும், இவனுக்கு இந்த விஷயம் தெரியவில்லை என்று. வாயைத் திறந்து சொல்லாமல் விட்டார். என் மரியாதையைக் காப்பாற்றினாராம். இன்று சாவு வீட்டில் வந்து சொல்கிறார்.

இந்த மாதிரித் தண்டைப் பூட்டினால் கூடவே வேக்கத்துக்கென்று தனியாக ஒரு சின்ன பம்ப் வைக்க வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் சாமான். என் பட்டறை அலமாரியில் எப்போதும் ஒன்று இருக்கும், இப்போதும் இருக்கிறது, ஆள் அனுப்பிப் பாருங்கள். அன்று அதைக் கையில் எடுத்தேன். துணியால் தூசியைத் துடைத்தேன். திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் நான் செய்தது அவ்வளவுதான். எதையும் அறுக்கவில்லை, தளர்த்தவில்லை, ஓட்டை போடவில்லை. ஒரு சாமானைத் துடைத்து வைத்தேன்.

தம்பி வந்து வண்டியை ஓட்டிப் பார்த்தான். சமதரையில் ஒரு சுற்று. இறங்கும்போது அவன் முகத்தில் பல்லைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

"குதிரை மாதிரி பாயுதுண்ணே. ஆமா, நிக்கும்போது ஏன் இப்படிக் குலுங்குது?"

"வலு ஏறினா குலுங்கத்தான் செய்யும்."

"பிரேக்கெல்லாம் பாத்தியா?"

"உன் பிரேக்கை நான் தொடவே இல்லை."

சொன்னது அத்தனையும் உண்மை. அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவன் சட்டையில் ஒட்டுச் சோப்பு வாசனை. "எனக்குத் தெரியும்ணே, உனக்குக் கோபமெல்லாம் மேலுக்குத்தான்" என்றான். இன்றைக்கு இரண்டு காலும் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறானே, அங்கிருந்தும் அதைத்தான் சொல்கிறானாம். அண்ணன் வேணும்னு செய்வானா, அவனை விட்டுடுங்க என்று உங்களிடம் அழுதானாம். அவன் எனக்காகப் பரிந்து பேசினான் என்று நீங்கள் சொன்னபோது எனக்குப் பழைய கோபம் அப்படியே திரும்பி வந்தது. என்னைப் பற்றி முடிவு செய்ய அவன் யார்?

அன்று மாலையே தம்பி வண்டியோடு மலை ஏறினான், மறுநாள் சாமான் கொண்டுவரும் நாள். என் மனைவி விடிந்ததிலிருந்து புது வீட்டைப் பெருக்கிக் கழுவிக்கொண்டிருந்தாள். என்றைக்கும் இல்லாமல் வாய்க்குள்ளே ஏதோ பாட்டு வேறு. அந்தப் பையன் முதல் பஸ்ஸிலேயே இறங்கிவந்து ஜன்னலுக்குத் திரை மாட்டிக்கொண்டிருந்தான். சாமானோடு வண்டியில் தம்பியும் மகளும் வருவதாக ஏற்பாடு. ஆமாம், அது எனக்குத் தெரியும். அவள் பக்கத்து இருக்கையில் இருப்பாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் கணக்குப் போட்டது தம்பிக்கு. அவள் அங்கே உட்கார்ந்திருப்பது அவன் செய்த ஏற்பாடு. ஒவ்வொன்றையும் அவன்தானே ஏற்பாடு செய்தான்.

நான் பட்டறைக்குப் போய் ஒரு கியர்பாக்ஸைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது போன் வந்தது. தம்பியின் நம்பர். நீங்கள் அதைப் பற்றிக் கேட்டபோது, கிளம்பிவிட்டோம் என்று சொல்வதற்காக அழைத்தார்கள் என்றேன். அது மட்டும் முழு உண்மை இல்லை. அதைச் சொல்லிவிட்டால் நீங்கள் அந்தத் தெரியாது என்பதை அடித்துவிடுவீர்கள் என்று நினைக்கிறேன்.

பேசியது தம்பி இல்லை.

"அப்பா, நான்தான்."

கல்யாணத்துக்குப் பிறகு நான் கேட்கும் முதல் வார்த்தை அது. கையில் கிரீஸ் இருந்தது, போனை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

"பீரோவத் தூக்கும்போது சித்தப்பாவுக்குக் கை சுளுக்கிக்கிச்சு. அவரு பின்னால ஆளுங்கள வச்சுக் கயிறு கட்டிட்டிருக்காரு. நான்தான் ஓட்டிட்டு வரப்போறேன். ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி வச்சிருக்கேன், பிரேக்க ரெண்டு தடவ மிதிச்சா கல்லு மாதிரி ஆயிடுதுப்பா. வலு ஏத்தினா அப்படித்தானாம், எப்பவும் போல நியூட்ரல்ல உருட்டிட்டுப் போன்னு சித்தப்பா சொல்றாரு. எனக்கு என்னவோ மாதிரி இருக்கு. அப்படியே வரலாமா, இல்ல கியர்லயே வரணுமா? நீங்க சொல்லுங்கப்பா."

எவ்வளவு சரியாகக் கேட்டாள் பாருங்கள். தம்பி ஆயுசு முழுக்க ஓட்டினாலும் இந்தக் கேள்வி அவனுக்குத் தோன்றாது. என் மகள்தான், சந்தேகமே இல்லை. பெடலில் கால் வைத்த உடனே எங்கே கோளாறு என்று அவளுக்குப் பட்டுவிட்டது. நான் சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. கியர். இல்லையென்றால், நில்லு, நான் வருகிறேன். இரண்டுமே என் நாக்கு நுனியில் இருந்தன.

ஆனால் நீங்களே சொல்லுங்கள். இத்தனை காலம் கழித்துப் பேசுகிறாள். எப்படி இருக்கீங்கப்பா என்று கேட்கவில்லை. நான் செய்தது தப்பு என்று சொல்லவில்லை. எடுத்த எடுப்பில் சித்தப்பாவின் கை, சித்தப்பாவின் கயிறு, சித்தப்பா சொன்னார். ஒரே பேச்சில் எத்தனை சித்தப்பா. நான் காத்திருந்துதான் பார்த்தேன். அந்தப் பக்கம் என்ஜின் நொண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, நான் பூட்டிய தண்டு என்ன சத்தம் போட வேண்டுமோ அதே சத்தம். அவள் வேறெதுவும் சொல்லவில்லை. என் பதிலுக்காகத்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"இத்தனை நாளா சித்தப்பா பேச்சத்தானே கேட்ட" என்றேன். "இப்பவும் அவரு சொல்றபடியே வா."

"சரிப்பா" என்றாள்.

அந்தக் குரலில் சந்தோஷம் இருந்தது. நான் பேசிவிட்டேன் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது போலிருக்கிறது. நான் கையைத் துடைத்துக்கொண்டு கியர்பாக்ஸுக்குத் திரும்பினேன். நீங்கள் அனுப்பிய ஆள் வந்து கூப்பிடும்போது அதை முழுக்கப் பூட்டி முடித்திருந்தேன்.

ஆகவே அந்தத் தெரியாமல் என்ற வார்த்தையை அடித்துவிடுங்கள். எந்தக் கேம்ஷாஃப்ட் என்று தெரியும். பம்ப் எங்கே இருந்தது என்று தெரியும். எந்தக் கியரில் வருவார்கள் என்று தெரியும். ஸ்டியரிங்கில் யார் இருந்தது என்றும் தெரியும். எதிர்க்கடைக்காரருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

மகள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த முறை அவள் என்னைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.